பொருள்வயிற் பிரிவும் புதிய ஆறலைகள்வரும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் தமிழ் வழங்கும் நிலத்தார்க்குப் புதியதன்று. அகப்பொருள் இலக்கணம் கண்ட நம் முன்னோர் அதனைப் பொருள்வயிற் பிரிவு எனப் பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்தனர். அப்பிரிவுக்குரிய நிலமாகப் பாலையைக் கொண்டனர். பாலை வழிச் செல்வானுக்கு இடர் மூன்று என்பதை அப்பாடல்களைப் பயின்றார் அறிவர். ஒன்று வெயில், மற்றொன்று நீரின்மை, மூன்றாவது ஆறலைகள்வர். முன்னைய இரண்டும் இயற்கையால் வருவன. மூன்றாவது மனிதரால் வருவது. வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம், நீரைச் சுமந்து செல்லலாம், வழியிடை மறித்துக் கைப்பொருள் பறிப்பாரை யாது செய்வது? கல்முனைக் கரையிலிருந்து அரபுப் பாலைநிலம் நோக்கிப் புறப்படும் நம்மவரின் நிலையை எண்ணும்போது, இந்த மூன்றாம் இடரே நம் கண்முன் பெரிதாக நிற்கின்றது.

தொல்காப்பியனார் பெண்டிரொடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லையென்று விதி செய்தார். தலைவன் செல்வான், தலைவி இல்லிருந்து ஆற்றியிருப்பாள். அவ்விதி நம் காலத்தில் முற்றும் தலைகீழாயிற்று. தலைவி தனியே கடல் கடக்கின்றாள். தலைவன் இல்லிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கின்றான். அவனும் வெளிநாடு சென்றிருந்தால் உம்மம்மாவே பார்த்துக்கொள்கின்றாள். நம் பாடசாலைகளில் மாணவரைச் சேர்க்கும் படிவத்திலே பாதுகாவலர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரையோ பெரியம்மாவின் பெயரையோ எழுதும் வழக்கம் எத்துணை பரவியுள்ளது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். ஒரு சமூகத்தின் மாற்றத்தை அறியப் பெருநூல்கள் வேண்டியதில்லை. பாடசாலையின் சேர்வு இடாப்பே போதும்.

பிரிவின் காரணம்

இப்பிரிவு ஏன் நிகழ்ந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். 1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. வளைகுடா நாடுகளிற் செல்வம் குவிந்தது. வீதிகள், துறைமுகங்கள், மாளிகைகள் எழுந்தன. அவற்றைக் கட்டவும் காக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஈண்டு 1977 ஆம் ஆண்டில் இலங்கை திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. வெளிநாடு செல்வதற்கிருந்த தடைகள் தளர்ந்தன. அதே கொள்கையால் இறக்குமதித் துணி சந்தையில் நிறைந்தபோது, மருதமுனையின் கைத்தறிகள் பல ஓய்ந்தன. ஒரு வாயில் அடைபட்டது. மறு வாயில் திறந்தது. தறியை விட்டெழுந்தோர் சிலர் விமானம் ஏறினர்.

இவை நாடு முழுமைக்கும் பொதுவான காரணங்கள். நம் கரைக்கே சிறப்பாக உரிய காரணம் ஒன்றுண்டு. அது வீடு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களிலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழி மரபு இன்றும் வலிமையாக நிலவுகின்றது. பெண்ணை மணம் முடிப்பவன் பெண்ணின் இல்லத்துக்கே வந்து குடியேறுகின்றான். பெற்றோர் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு கொடுத்தல் வேண்டும். மூன்று பெண்களைப் பெற்ற குடும்பத்துக்கு மூன்று வீடுகள் தேவை. ஆனால் நிலமோ கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒரு நாடா போன்றது. பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் முட்டி நிற்கும் இக்கரையில் ஒரு பேர்ச் காணிக்குக் கொடுக்க வேண்டிய விலை கூலிக்காரனின் கனவுக்கும் எட்டாதது. ஆதலின் மகளுக்கு வீடு கட்டத் தாய் கடல் கடக்கின்றாள். பொருளாசையால் அவள் போகவில்லை; தாய்மையின் கடன் அவளைப் போக்குகின்றது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இந்நெருக்கடியை மேலும் இறுக்கியது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் கடலோர வீடுகள் தரைமட்டமாயின. பின்னர் அரசு கிழக்குக் கரையில் இருநூறு மீற்றர் எல்லைக்குள் வீடு கட்டலாகாதென விதித்தது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் இழந்த வீட்டை எங்கே கட்டுவதெனத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் நன்கொடையால் ஐந்நூறு வீடுகள் எழுந்தன. பங்கீடு பற்றிய வழக்காலும் அதிகாரிகளின் மந்தத்தாலும் அவை பத்தாண்டுகளுக்கு மேலாக ஆளின்றிக் கிடந்து பாழடைந்தன. எந்த நாட்டின் பணத்தாற் கட்டிய வீடு இங்கே பூட்டிக் கிடந்ததோ, அந்த நாட்டுக்கே வீடு கட்டப் பணந்தேடி நம் பெண்கள் சென்றனர். இதனினும் பெரிய முரணை யாம் அறியோம்.

வீசா என்னும் கயிறு

சென்ற இடத்து நிலை யாது? வளைகுடா நாடுகளிலே வெளிநாட்டுத் தொழிலாளி தனித்து நிற்கும் மனிதனாகக் கருதப்படுவதில்லை. அவன் ஒரு கபீலின், அதாவது பொறுப்பாளியின், பெயரோடு கட்டப்பட்டவன். கபாலா என்னும் இம்முறையிலே தொழிலாளியின் நுழைவு, தங்குகை, வெளியேற்றம் ஆகிய யாவும் கபீலின் கையிலுள்ள நூலில் ஆடுவன. சவூதி அரேபியாவில் தங்குவதற்குரிய அட்டை இகாமா எனப்படும். அது காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படல் வேண்டும். புதுப்பிக்காவிடின் நேற்றுவரை உழைப்பாளியாயிருந்தவன் இன்று குற்றவாளியாகின்றான். அவன் யாதொரு குற்றமுஞ் செய்யவில்லை, நாட்காட்டியில் ஒரு தாள் புரண்டது, அவ்வளவே.

இங்கே வாசகர் ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். சவூதித் தொழிற் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, இகாமாவுக்கும் தொழில் அனுமதிக்கும் அவற்றைப் புதுப்பிப்பதற்கும் உரிய கட்டணத்தைத் தொழில் வழங்குவோனே செலுத்த வேண்டும் என்றும், தாமதத்தால் விழும் தண்டமும் அவனையே சாரும் என்றும் தெளிவாகக் கூறுகின்றது. சட்டம் அவ்வாறிருக்க, நம் ஊர்களில் 'ஃப்ரீ வீசா' என்றொரு சொல் வழங்குகின்றது. கபீல் ஒருவன் பெயருக்கு வீசா கொடுப்பான், தொழில் கொடுக்கமாட்டான். தொழிலாளி வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டும்; ஆண்டுதோறும் இகாமாவைப் புதுப்பிக்கக் கபீலுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். பெயரிலே சுதந்திரம், பொருளிலே குத்தகை. சட்டத்தின் கண்ணிலோ இது முழுக் குற்றம். கபீல் அல்லாதாரிடம் வேலை செய்பவன் எந்நேரமும் பிடிபடலாம். 2013 ஆம் ஆண்டில் சவூதி அரசு மன்னிப்புக் காலம் அளித்து, நவம்பர் மாதத்தோடு அதனை முடித்துச் சோதனை நடத்தியபோது, இவ்வாறு அகப்பட்டு நாடு திரும்பியோர் பல நாட்டினர். நம்மவரும் அவருள் அடங்குவர்.

கபீலை விட்டு நீங்கினவன் மீது 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவன், என்னும் முறைப்பாடு பதியப்படுகின்றது. அதன்பின் அவனுக்குத் தொழிலுமில்லை. தாயகம் திரும்பும் வழியும் எளிதன்று. சம்பளம் தராத எசமானனை விட்டு நீங்கியவனும், களவு செய்து ஓடியவனும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர். சொல்லொன்று, பொருள் இரண்டு. இலக்கணத்தில் இது பலபொருள் ஒருமொழி. வாழ்க்கையில் இது அநீதி.

குடும்பத்தை உடன் வைத்திருந்தோர் நிலையும் மாறிற்று. 2017 ஜூலை மாதம் தொடங்கிச் சவூதி அரசு, உடனிருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் மாதம் நூறு றியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் நூறு உயர்ந்து 2020 இல் அது நானூறு றியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு கணக்காளன், இருப்புக்காக மட்டுமே மாதம் 1,600 றியால் கட்ட நேர்ந்தது. றியாத்திலும் ஜித்தாவிலும் பிள்ளைகளைப் படிப்பித்த நடுத்தரக் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. தந்தை மட்டும் ஓர் அறையில் நால்வருள் ஒருவனாகத் தங்கினான்.

காலம் முற்றும் இருண்டதெனல் பொருந்தாது. கட்டார் 2020 ஆம் ஆண்டில், தொழில் மாறுவதற்கு முன்னைய எசமானனின் சம்மதம் வேண்டுமென்ற விதியை நீக்கியது. சவூதி அரேபியாவும் 2021 மார்ச் 14 முதல், குறித்த நிபந்தனைகளுடன் தொழில் மாறவும் நாட்டைவிட்டுச் சென்றுவரவும் எசமானனின் அனுமதி வேண்டா எனத் தளர்த்தியது. ஆனால் அத்தளர்வில் வீட்டுப் பணியாளரும் வீட்டுச் சாரதிகளும் சேர்க்கப்படவில்லை. நம் கரையிலிருந்து சென்றவருள் மிகப் பலர் இவ்விரு தொழிலினர் என்பதை நோக்கும்போது, விருந்தின் மணம் நமக்கு வந்தது, இலை வேறொருவர்க்குச் சென்றது எனலாம்.

றிசானாவின் கடவுச்சீட்டு

வெளிநாட்டு அரசுகளை மட்டும் குறைகூறி நாம் கைகழுவிக்கொள்ள இயலாது. பாலை வழியின் முதற் கள்வன் நம் ஊர் எல்லையிலேயே நிற்கின்றான். இதற்கு நாடறிந்த சான்று மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் வரலாறு.

பிறப்புப் பதிவின்படி அப்பெண் பிறந்தது 1988 பெப்ரவரி 4. அவளுடைய கடவுச்சீட்டிற் பொறிக்கப்பட்டதோ 1982 பெப்ரவரி 2. ஆறு வயது கூட்டப்பட்டது. 2005 மே மாதத்தில் அவள் சவூதி சென்றபோது உண்மை வயது பதினேழு. சென்ற சில வாரங்களிலேயே, அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சடைத்தது என்றாள் அவள். கொலையென்றனர் குழந்தையின் பெற்றோர். 2007 ஜூன் மாதத்தில் தவாத்மி நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அதுவரை அவளுக்குச் சட்டத்தரணி ஒருவரும் இலர். அவளது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழில் போதிய தேர்ச்சி இருந்ததா என்பதே ஐயம் என மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இவ்வரலாற்றைப் பலர் கண்ணீரோடு எழுதினர். அரபு நாட்டுச் சட்டத்தைக் கண்டித்தும் எழுதினர். ஆயின் அந்தக் கடவுச்சீட்டு எந்த மண்ணில் ஆக்கப்பட்டது? ஆறு வயதைக் கூட்டிய கை எந்நாட்டுக் கை? ஒரு தரகன் தனியே இதைச் செய்திருக்க இயலாது. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எனப் படிப்படியாகச் செல்லும் பாதையில் எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் பார்த்தும் பாராதிருந்தார். அல்லது பாராதிருப்பதற்கு விலை பெற்றார். உண்மை வயது தாளில் இருந்திருந்தால் அவள் போயிருக்கவே முடியாது. போன பின்னராயினும், சிறுமியென்று வாதாடத் தாள் துணை நின்றிருக்கும். பொய்யான ஒரு வரி இரு முறை அவளைக் கைவிட்டது. கையூட்டைச் சிறு பிழையென்று கருதுவோர் இந்த ஒரு வரியைச் சிந்திப்பாராக.

தமிழாசிரியர்கள் சிந்திக்க வேண்டிய பிறிதொன்றும் இங்குண்டு. உயிர்போகும் வேளையிலே தன் தாய்மொழியிற் சொன்னதைத் திருத்தமாக வேற்றுமொழியில் உரைக்க ஒருவர் இல்லாமற் போயினர். கல்முனைக் கரையிலே அரபு மதுரசாக்கள் பல உள. அரபும் தமிழும் நன்கறிந்த மௌலவிமார் பலர் உளர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது; அங்கே அரபு மொழிக் கல்வியும் உண்டு. அவ்வாறிருந்தும், தமிழ் பேசும் தொழிலாளர்க்காகத் தூதரகங்களிலே தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரை நிலையாக அமர்த்த வேண்டுமென்று நாம் ஒன்றுகூடிக் கேட்டோமா? மொழி உரிமை என்பது பெயர்ப்பலகையோடு முடிவதன்று. காவல் நிலையத்திலும் நீதிமன்றிலும் வேற்றுநாட்டுச் சிறையிலும் அதன் தேவை பெரிது.

தாள் பெருகின், வாயில் பெருகும்

அத்துயரின்பின் அரசு வாளாவிருக்கவில்லை. வீட்டுப் பணிக்காகச் சவூதி செல்லும் பெண்ணுக்குக் குறைந்த வயது 25 என 2013 இல் விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் முறையும் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் செல்லலாகாது. ஏனையோரும் கிராம உத்தியோகத்தர் தொடக்கம் பிரதேச செயலகம் வரை கையொப்பம் பெறல் வேண்டும். நோக்கம் நன்றே. ஆனால் நோயின் மூலம் பொய்த்தாள் என்றிருக்க, மருந்தாகவும் தாளையே கொடுத்தனர். ஒவ்வொரு கையொப்பமும் ஒரு வாயில். வாயிலில் நிற்பவன் நேர்மையாளனாயின் அது காவல். அல்லனாயின் அது சுங்கம். நேர்மையான உத்தியோகத்தர் நம் ஊர்களில் நிரம்ப உளர். அவர்க்கு நாம் தலைவணங்குவோம். ஆயினும் பத்து வாயில்களில் ஒன்று சுங்கமானாற் போதும், ஏழைப் பெண்ணின் வழி அடைபட்டுவிடும்.

வழி அடைபட்டவள் வீட்டிலிருந்துவிட்டாளா? இல்லை. கடனும் கட்டி முடியாத சுவரும் அவளை இருக்கவிடவில்லை. பதிவில்லாத தரகனை நாடினாள். அவன் சுற்றுலா வீசாவை எடுத்துக் கொடுத்தான். பணியகத்தின் பதிவில்லை, காப்புறுதியில்லை, ஒப்பந்தமில்லை. 1985 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அளிக்கக்கூடிய பாதுகாப்பு யாவற்றுக்கும் அவள் புறம்பானாள். காப்பதற்கு எழுந்த விதியே அவளைக் காவலற்ற வழியில் தள்ளியது. 2022 ஆம் ஆண்டில் வயதெல்லை 21 எனக் குறைக்கப்பட்டமையும் ஏனைய கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமையும் இவ்வுண்மையை அரசே ஒப்புக்கொண்டமைக்கு அடையாளம்.

அதே 2022 இன் இறுதியில் ஓமானிலிருந்து வந்த செய்தி நாட்டையே தலைகுனியச் செய்தது. சுற்றுலா வீசாவிற் சென்று அல்லலுற்ற பெண்கள் மஸ்கற்றிலே தஞ்சமடைந்திருந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்பிலிருந்த தூதரக அதிகாரி ஒருவரே, ஆட்கடத்தல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின்பேரில் நவம்பர் 29 அன்று கட்டுநாயக்கவிற் கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் புகவில்லை. ஆனால் இத்தகைய முறைப்பாடு எழுவதற்கு இடம் இருந்தது என்பதே போதிய வெட்கம். வழிப்போக்கன் களைத்து ஒதுங்கும் நிழலிலும் கள்வன் இருப்பானாயின், பின் எங்கே ஒதுங்குவது?

உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காட்டும் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வருகின்றது. அங்கே சுங்கங் கொள்வோர் உறங்காது காத்து, பண்டங்களை அளந்து, சோழனின் புலி இலச்சினையிட்டு அனுப்பினர் என்று புலவர் பாடுகின்றார். புலம்பெயர்ந்து வந்த பன்மொழி மாந்தர் அந்நகரில் இனிது கலந்து வாழ்ந்தனர் என்றும் கூறுகின்றார். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு. முத்திரை குத்துங்கை தூயதாயிருந்தமையால் அயலார் அஞ்சாது தங்கினர். அரசின் முத்திரை என்பது அரசின் சொல். அச்சொல் விலைப்படுமாயின், அந்த அரசை நம்பி உள்ளே வருவோரும் கெடுவர். வெளியே செல்வோரும் கெடுவர்.

நம் நாட்டு வீசா முறையே இதற்கு அண்மைச் சான்றாயிற்று. 2024 ஏப்ரல் மாதத்தில் நம் நாட்டுக்கு வருவோர்க்கான இணையவழி வீசாப் பணி வெளியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் உயர்ந்தது; ஒப்பந்த முறை பற்றிக் கடுமையான வினாக்கள் எழுந்தன. ஆகஸ்ட் 2 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தடையைச் செயற்படுத்தாமைக்காகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைவரே செப்டெம்பர் 25 அன்று விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே வெற்றுக் கடவுச்சீட்டுகள் போதாமையால் பத்தரமுல்லை அலுவலகத்தின் முன் மக்கள் இரவு முழுதும் வரிசையில் நின்றனர். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் சென்று, வரிசையில் நின்று, நாளை வாவென்று சொல்லக்கேட்டுத் திரும்பியவர்க்கு, வரிசையை முந்த வழிகாட்டுவேன் என்று காதில் ஓதும் தரகன் தெய்வமாகத் தெரிவதில் வியப்பில்லை. தட்டுப்பாடு எங்குண்டோ அங்கே கையூட்டு முளைக்கும். இது பயிர்நூல் போன்றதோர் உண்மை.

யார் யாரைத் தாங்குகின்றனர்?

இவ்வளவு இடருற்றும் நம்மவர் நாட்டுக்கு அளித்தது எவ்வளவு? மத்திய வங்கிக் கணக்கின்படி 2020 இல் வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2022 இல் அது 3.8 பில்லியனாகச் சரிந்தது. நாடு கடனை அடைக்க இயலாது நின்ற ஆண்டு அது. டொலருக்கு ஏறத்தாழ 203 ரூபா என்று வங்கியில் விலையைக் கட்டிவைத்திருந்த காலத்தில், வெளியே உண்டியல்காரர் அதனினும் மிகக் கூடுதலாகக் கொடுத்தனர். அந்நிலையில் பலர் வங்கியைக் கைவிட்டனர். வங்கி வழி அனுப்புங்களென அரசு வேண்டிக்கொண்டது. விலை சீரானதும் பணம் மீண்டது. 2024 இல் அது ஏறத்தாழ 6.6 பில்லியனாக உயர்ந்தது. 2022 ஆம் ஆண்டொன்றிலேயே ஏறத்தாழ 311,000 பேர் தொழிலுக்காக நாட்டைவிட்டுச் சென்றனர் என்பதையும் உடன்வைத்து எண்ணுக.

இவர்களை 'ரட்ட விருவோ', நாட்டின் வீரர், என்று அரசு புகழ்கின்றது. புகழ்ச்சி மலிவானது. 2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில், வெளிநாட்டிலிருந்த அவ்வீரர் ஒருவர்க்கேனும் அங்கிருந்தே வாக்களிக்க வழியில்லை. தேயிலையைப் போலவும் ஆடையைப் போலவும் நாட்டுக்கு டொலர் தருவோர், தம்மை ஆள்வோரைத் தெரிவதில் மட்டும் இல்லாதாராகின்றனர். வாக்கற்றவனின் முறைப்பாட்டை எந்த அரசியலாளன் விரைந்து கேட்பான்? தூதரக மேசையில் அவன் கடிதம் உறங்குவதற்கும் இதுவே ஒரு காரணம் எனல் மிகையாகாது.

செய்யக் கூடுவன

குறை கூறி நிறுத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. செய்யக் கூடுவனவாக நான்கு காண்கின்றோம்.

முதலாவது, ஆட்சேர்ப்பின் செலவைத் தொழில் வழங்குவோனே ஏற்றல் வேண்டும். தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பது சர்வதேசத் தொழிலமைப்பின் 1997 ஆம் ஆண்டு 181 ஆம் இலக்க உடன்படிக்கையின் பொதுவிதி. கடன்பட்டுச் செல்பவனே கபீலின் எல்லாக் கொடுமையையும் பொறுத்துக்கொள்கின்றான். கடனின்றிச் செல்பவன் திரும்பிவரத் துணிவான். இலங்கை 1996 ஆம் ஆண்டிலேயே புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஏற்றதை நடத்திக்காட்டல் அரசின் கடன்.

இரண்டாவது, அலுவலகப் படிகளைக் குறைத்து, எஞ்சியவற்றை ஊருக்கு அண்மையிற் கொணர்தல் வேண்டும். கட்டணம் எவ்வளவு, நாள் எத்தனை, பொறுப்பாளர் யார் என்பன ஒவ்வோர் அலுவலக வாயிலிலும் தமிழில் எழுதப்படல் வேண்டும். இருள் உள்ளவிடத்தே கள்வன் நிற்பான், விளக்கேற்றினால் விலகுவான்.

மூன்றாவது, உள்ள சட்டங்களை நாம் பயன்படுத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகத்திடம் எழுத்தில் வினவினால் பதினான்கு வேலை நாட்களுள் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். என் விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கின்றது என்று கேட்பதற்கு ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும். 2023 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் நடைமுறையில் உண்டு. கையூட்டுப் பெறுவது போலவே கொடுப்பதும் குற்றமென்பதை நம் மக்கள் மறந்துவிடுகின்றனர். 'மச்சான், கொடுத்தாத்தான் காரியம் நடக்கும்' என்று தேநீர்க் கடையிற் சொல்பவர் தீயோர் அல்லர், சலித்தவர். ஆனால் சலிப்பும் நாளடைவில் ஒரு வகைச் சம்மதமாகிவிடுகின்றது.

நான்காவது நம் கையிலேயே உள்ளது. பத்தாம், பதினோராம் வகுப்புகளிற் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். விண்ணப்பம் எழுதக் கற்பிக்கின்றோம். ஒப்பந்தம் ஒன்றை வாசிக்கக் கற்பிக்கின்றோமா? சம்பளம் எந்த நாணயத்தில், வேலைநேரம் எவ்வளவு, இகாமாவின் கட்டணம் யாருடையது, திரும்பும் பயணச்சீட்டு யாருடையது என்னும் வரிகளை விரல்வைத்துக் காட்ட ஒரு பாடவேளை போதும். நம் முன் அமர்ந்திருக்கும் மாணவருள் எத்தனை பேர் சில ஆண்டுகளில் விமானம் ஏறப்போகின்றனர் என்பதை நாம் அறிவோம். எத்தனை பேரின் உம்மா இன்றே அங்கிருக்கின்றாள் என்பதையும் அறிவோம். 1980களில் தம் குரலைக் கசற்றிற் பதிந்து அனுப்பிய தாய்மார் போய், இன்று கைப்பேசியில் முகங்காட்டும் தாய்மார் வந்துவிட்டனர். கருவி மாறியது, பிரிவு மாறவில்லை.

பொருள்வயிற் பிரிவை நாம் தடுக்க இயலாது. நிலமும் தொழிலும் போதாத கரையில் அது இன்னும் சிலகாலம் நிகழும். பாலையின் வெயிலைத் தணிக்கவும் நம்மால் ஆகாது. ஆனால் ஆறலைகள்வர் வானிலிருந்து இறங்கியவர் அல்லர். அவருட் சிலர் நம் பாடசாலைகளிலே எழுத்தறிந்து, பரீட்சை தேறி, மேசைக்குப் பின் அமர்ந்தவர். பொய்யான பிறந்த தேதி ஒன்றை எழுதுமாறு கேட்கப்படும் நாளில், எழுதமாட்டேன் என்று சொல்லத்தக்க ஓர் எழுதுவினைஞனை உருவாக்கினால், எங்கோ ஒரு தாயின் மகள் உயிரோடு ஊர் திரும்புவாள். கல்வியின் பயன் இதனினும் மேலாக வேறொன்று உண்டென்று யாம் கருதவில்லை.